கருந்துளையைத் தட்டிப் பார்த்தால்

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம், உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருத்தி மேசையருகே நின்று இரண்டு கேள்விகள் கேட்டாள். "சேர், கருந்துளையோட எல்லை எப்பவும் அப்படியே இருக்குமா? பெரிசா ஏதாவது போய் விழுந்தா உடையாதா?" என்பது ஒன்று. "உள்ளே போனா ஐன்ஸ்டைனோட கொள்கையே பொய்த்துப்போகும்னு சொல்றாங்க. உள்ளே பொய்க்கிற கொள்கையை வெளியே மட்டும் எப்படி நம்புறது?" என்பது மற்றது. அவளுக்கு ஹட்டன் பஸ் தவறிவிடும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் ஒரே கேள்வி என்று எனக்குத் தெளிவானது. முதலாவதற்கு "உடையாது" என்று பதில் கிடைத்தால்தான் இரண்டாவதற்கு "நம்பலாம்" என்று சொல்ல வழி உண்டு.

மகள், முதலில் அந்த எல்லை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தலவாக்கலையில் சென்கிளையர் நீர்வீழ்ச்சியைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அதில் பழைய தண்ணீர் இல்லை. என் சின்ன வயதில் மழைக்காலத்து இரைச்சல் பேச்சையே மறைத்துவிடும். நீர்வீழ்ச்சிக்கு மேலே ஆறு வரும் பகுதியை நினைத்துக்கொள். விளிம்பை நெருங்க நெருங்க நீரோட்டத்தின் கதி கூடுகிறது. அதில் நீந்தும் மீனுக்கு ஓர் உச்சக் கதி உண்டு. நீரோட்டத்தின் கதி அந்த உச்சக் கதியைச் சரியாகத் தொடும் இடத்தில் மனதால் ஒரு கோடு போடு. அதைத் தாண்டிய மீன் எவ்வளவு முயன்றாலும் மேலே திரும்பி வராது. ஆனால் அந்தக் கோட்டில் கயிறும் இல்லை, கல்லும் இல்லை. தாண்டும் நேரத்தில் மீனுக்கு எதுவும் தெரியாது.

கருந்துளையின் நிகழ்வு எல்லை அந்தக் கோடுதான். இங்கே ஆற்றுக்குப் பதில் வெளி (space) தானே உள்நோக்கிப் பாய்கிறது, மீனுக்குப் பதில் ஒளி. இதை வெறும் உவமை என்று எடுத்துக்கொள்ளாதே. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1916இல் வெளியான சுவார்ட்ஸ்சைல்டின் தீர்வை 1921இல் பென்லவேயும் 1922இல் குல்ஸ்ட்ராண்டும் வேறு ஆள்கூறுகளில் எழுதினார்கள். அந்த வடிவில் பார்த்தால் சமன்பாடே இப்படித்தான் பேசுகிறது. பாயும் கதி என்ன தெரியுமா? நீ பௌதிகவியலில் படித்த தப்பல் வேகத்தின் சூத்திரமேதான், 2GM/r இன் வர்க்கமூலம் (G ஈர்ப்பு மாறிலி, M திணிவு, r மையத்திலிருந்து தூரம்). அது ஒளியின் கதி c க்குச் சமமாகும் ஆரை 2GM/c². சூரியத் திணிவுக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர். பூமியின் திணிவுக்கு 9 மில்லிமீற்றர். பிள்ளைகள் விளையாடும் போளை அளவு உருண்டை.

ஆகவே உடைவதற்கு அங்கே ஓடோ சுவரோ கிடையாது. உன் கேள்வியைச் சரியாக வைத்தால் இப்படி வரும்: இந்த ஓட்டத்தை யாராவது கொஞ்சம் கலக்கிவிட்டால், அந்தக் கலக்கம் தணியுமா, வளருமா?

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த வித்தியாசத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. லயத்துக்கு, தோட்டத்து வீட்டு வரிசைக்கு, பின்னால் இருக்கும் மேடு இருபது வருடமாக அசையாமல் நிற்கிறது என்பதால் அது உறுதியானது என்று சொல்ல முடியாது. ஒரு மழை அதைத் தள்ளிப் பார்க்கும் வரை தெரியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அசையாமல் நிற்பது சமநிலை. தள்ளிவிட்டாலும் திரும்பி வருவதுதான் உறுதிச் சமநிலை. சுவார்ட்ஸ்சைல்டின் தீர்வு முதலாவதை மட்டுமே சொன்னது. அது பூரணமான கோளம், சுற்றாதது, சுற்றிலும் வெறுமை. உலகத்தில் எந்தப் பொருளும் அப்படி இருப்பதில்லை. ஒரு சின்னக் கலக்கத்துக்கே தீர்வு குலைந்துபோகுமானால், இயற்கையில் கருந்துளை என்ற ஒன்று இருக்கவே முடியாது.

இதை முதலில் கணக்காகக் கேட்டவர்கள் ரெஜ்ஜேயும் வீலரும், 1957இல். அன்றைக்குப் பயன்பட்ட ஆள்கூறுகள் எல்லையிலேயே சிக்கிக்கொள்ளும் என்பதால் வேலை பாதியில் நின்றது. அதை 1970இல் முடித்து வைத்தவர் பெங்களூரில் பிறந்த விஷ்வேஷ்வரா. சின்னக் கலக்கங்கள் எதுவும் வளராது என்று காட்டினார். அதோடு அவர் நிற்காமல் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஒரு ஈர்ப்பு அலைத் துடிப்பைக் (இடமும் காலமும் சேர்ந்த வெளிநேரத்தில் பரவும் நெளிவை) கருந்துளை மேல் ஏவி, என்ன திரும்பி வருகிறது என்று கணித்தார். துடிப்பு போதிய அளவு குறுகியதாக இருந்தால், திரும்பி வந்தது எப்போதும் ஒரே வகையான, விரைவாகத் தணியும் அலை. எதைக் கொண்டு தட்டினோம் என்பது அதில் பதியவில்லை. தட்டப்பட்டது எவ்வளவு பெரியது என்பது மட்டும் பதிந்திருந்தது. ஐந்து வருடம் கழித்து, 1975இல், சந்திரசேகரும் டெட்வைலரும் அந்த அலைகளின் மீடிறன்களை, அதாவது அதிர்வெண்களை, கணித்தார்கள். ஆமாம், வெள்ளைக் குள்ள விண்மீன்களின் திணிவு எல்லைக்கு நாம் பாடத்தில் சொல்லும் அதே சந்திரசேகர், நம் தமிழர்தான்.

இனி ஆய்வுகூடத்துக்கு வா. சொனோமீற்றர் பரிசோதனைக்கு எடுக்கும் இசைக்கவைகளில் ஒன்றில் 256 ஹேர்ட்ஸ் என்று பொறித்திருக்கும். 2015 செப்டெம்பர் 14ஆம் திகதி லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பு அலையைப் பதிந்தபோது, இரண்டு கருந்துளைகள் ஒன்றிணைந்து உருவான கருந்துளை எழுப்பிய கடைசி அதிர்வு ஏறத்தாழ 250 ஹேர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே சுரம். ஆனால் இசைக்கவையைத் தட்டினால் பல செக்கன்கள் ஒலிக்கும். இது 4 மில்லிசெக்கனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தணிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார், ஒரு முழு அலைவு முடிவதற்குள். கோயில் மணி மாதிரி இல்லை. உரலைக் கையால் தட்டியது மாதிரி, ஒரு "டொக்", அவ்வளவுதான். விஷ்வேஷ்வரா 2017 ஜனவரியில் காலமானார். தான் காகிதத்தில் கண்ட அந்தத் தணிவைக் கருவி பதிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது எனக்கு மனநிறைவான விஷயம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் தணிகிறது? ஆற்றுக்குத் திரும்பிப் போவோம், விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கலக்கத்தின் சக்தி போக இரண்டு வாசல்கள்: ஒரு பகுதி வெளியே பரவிப் போகிறது, ஒரு பகுதி எல்லைக்குள் விழுகிறது. சரி, எல்லைக் கோட்டிலேயே மாட்டிக்கொண்ட அலை? அது முழுக் கதியில் எதிர்நீச்சல் போட்டபடி அங்கேயே நிற்கிறது. ஆனால் கோட்டுக்கு மேல்புறம் நீரோட்டம் சற்று மெதுவு, கீழ்ப்புறம் சற்று வேகம். அதனால் அலையின் மேல்பகுதி மேலே தப்பப் பார்க்கிறது, கீழ்ப்பகுதி கீழே இழுபடுகிறது. அலை இழுத்து நீட்டப்படுகிறது. அலைநீளம் கூடக் கூடச் சக்தி குறைகிறது. இதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம். கருந்துளையின் எல்லை தன் மேல் விழும் சுருக்கங்களைத் தானே நீவி விட்டுக்கொள்கிறது. ஓட்டத்தின் கதி அந்த இடத்தில் கூடிக்கொண்டே போவதுதான் காரணம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள், திரும்பவும் தேவைப்படும்.

சின்னக் கலக்கம் சரி, பெரியது விழுந்தால்? உன் கேள்வி அதுதானே. 1971இல் ஹோக்கிங் ஒரு தேற்றம் நிறுவினார்: எல்லையின் பரப்பளவு ஒருபோதும் குறையாது. இரண்டு கருந்துளைகள் சேர்ந்து ஒன்றாகலாம், ஒன்று இரண்டாக உடையாது. இதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. 2025 ஜனவரி 14ஆம் திகதி பதிவான இணைவு மிகத் தெளிவானது. இரண்டு கருந்துளைகளின் மொத்தப் பரப்பளவு மோதலுக்கு முன் ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீற்றர், பின் ஏறத்தாழ 4,00,000. இலங்கையைப் போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, ஆறு மடங்காக விரிந்தது. இதைவிடப் பெரிதாக ஒரு கருந்துளை மேல் எதைப் போடுவது? இரண்டுமே ஒன்றை ஒன்று விழுங்கின, எல்லை உடையவில்லை, பெருத்தது.

இன்னும் தந்திரமாக ஒரு வழி உண்டு. சுற்றும் கருந்துளையின் தீர்வை 1963இல் கெர் கண்டார். அதில் சுழற்சிக்கு ஓர் உச்சம் இருக்கிறது. சுழற்சியின் அளவான கோண உந்தம் GM²/c ஐத் தாண்டினால் தீர்வில் எல்லையே இல்லாமல் போய், உள்ளே இருப்பது அம்மணமாகத் தெரியும். அப்படியானால், உச்சத்தில் சுற்றும் கருந்துளைக்குள் இன்னும் கொஞ்சம் சுழற்சியை எறிந்தால்? 1974இல் வோல்ட் இதைக் கணக்குப் பார்த்தார். எல்லையை அழிக்கப் போதிய சுழற்சியோ மின்னேற்றமோ கொண்ட பொருள் உள்ளே விழாது. அது தள்ளப்பட்டு விலகும். உச்சத்துக்குச் சற்றுக் கீழே இருந்து முயன்றால் ஏமாற்றலாம் என்று பின்னால் சிலர் ஓட்டை கண்டார்கள். 2017இல் சோர்ஸும் வோல்டும் முன்பு சிறியவை என்று விடப்பட்ட அடுத்த வரிசை உறுப்புகளையும் சேர்த்துக் கணித்து, அந்த ஓட்டையையும் அடைத்தார்கள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். உறுதி பற்றி நான் மேலே எழுதியது பெரும்பாலும் சின்னக் கலக்கங்களுக்கான கணக்கு. ஈர்ப்புக்கும் ஈர்ப்பு உண்டு, அலையே மேலும் அலையை எழுப்பும். அதையும் விடாமல் சேர்த்து முழு நிறுவல் கொடுப்பது மிகக் கடினம். வெறும் வெற்றுவெளி உறுதியானது என்று நிறுவவே 1993இல் கிறிஸ்டொடூலுவும் கிளைனர்மனும் ஒரு தடித்த புத்தகம் எழுத வேண்டி வந்தது. சுற்றாத கருந்துளைக்கு 2021இல் டஃபெர்மோஸ், ஹோல்ஸெகல், ரொட்னியான்ஸ்கி, டெய்லர் ஆகிய நால்வரும் முடித்தார்கள். மெதுவாகச் சுற்றும் கருந்துளைக்கு ஜோர்ஜி, கிளைனர்மன், செஃப்டெல் ஆகியோர் 2022இல் வெளியிட்ட கட்டுரை 900 பக்கங்களுக்கும் மேல். வேகமாகச் சுற்றும் கருந்துளைக்கு முழு நிறுவல் இன்னும் இல்லை. வானத்தில் நாம் காணும் பல கருந்துளைகள் அந்த ரகம் என்பதை நினைத்தால் இது சின்னக் குறையில்லை. உச்சத்திலேயே சுற்றினால் நிலைமை வேறு. அங்கே எல்லையில் ஓட்டத்தின் கதி மாறும் வீதம் பூச்சியம். நீவி விடும் செம்பெயர்ச்சி இல்லை. எல்லையில் சில அளவுகள் தணியாமல் தங்கிவிடும் என்று 2011இல் அரேடாகிஸ் காட்டத் தொடங்கினார்.

இப்போது உள்ளே போவோம். கல்கத்தாவில் ராய்சவுத்ரி 1955இல் வெளியிட்ட ஒரு சமன்பாட்டை அடித்தளமாகக் கொண்டு, 1965இல் பென்ரோஸ் ஒன்றை நிறுவினார்: ஒளி வெளியேற முடியாத பகுதி ஒன்று உருவாகிவிட்டால், உள்ளே சில பாதைகள் முடிவில்லாமல் தொடர முடியாது, அறுந்துபோகும். அறுந்த இடத்துக்கு அப்பால் என்ன என்று ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்புக் கொள்கை சொல்வதில்லை. தன் வரம்பு எங்கே இருக்கிறது என்று ஒரு கொள்கை தானே காட்டிக்கொடுப்பது அரிது. இது அந்த அரிதான கொள்கைகளில் ஒன்று. இதற்காகத்தான் 2020இல் பென்ரோஸுக்கு நோபல் பரிசு.

கவனி, அந்தத் தோல்வி நடப்பது நிகழ்வு எல்லையில் இல்லை. கணக்கே போடலாம். உன் தலைக்கும் காலுக்கும் இடையிலான ஈர்ப்பு வித்தியாசம் 2GMh/r³, இதில் h உன் உயரம். எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ளது, 2019 ஏப்ரலில் படம் வெளிவந்த கருந்துளை, 650 கோடி சூரியத் திணிவு. அதன் எல்லையில் 2 மீற்றருக்கு இந்த வித்தியாசம் ஒரு மீற்றர்/செக்கன்² இன் 200 கோடியில் ஒரு பங்கு. உனக்கு உறைக்கவே உறைக்காது. பத்துச் சூரியத் திணிவுக் கருந்துளையின் எல்லையிலோ அது பூமியின் ஈர்ப்பு ஆர்முடுகல் g ஐப் போல் 2 கோடி மடங்கு. எல்லை ஆபத்தானதா என்பது அளவைப் பொறுத்தது. ஆனால் இரண்டு இடத்திலும் கொள்கைக்கு ஒரு சேதமும் இல்லை. அது தடுமாறுவது இன்னும் ஆழத்தில், வெளிநேரத்தின் வளைவு, குவாண்டம் விளைவுகளைத் தவிர்க்க முடியாத பிளாங்க் நீளத்தின் அளவுக்கு இறுகும்போது. அந்த நீளம் தசமப் புள்ளிக்குப் பின் 34 பூச்சியங்கள் போட்டு 16 எழுதினால் வரும் மீற்றர்.

சுற்றும் கருந்துளைக்குள் இன்னொரு எல்லையும் இருக்கிறது, உட்புற எல்லை. அங்கே ஆற்றின் கதை தலைகீழ். நீர்வீழ்ச்சியின் அடியில் தண்ணீர் திடீரென்று மெதுவாகும் இடத்தில் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பாய். உட்புற எல்லையை நெருங்கும்போது ஓட்டத்தின் கதி குறைகிறது, அதனால் அலைகள் நீளாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. வெளிப்புற எல்லை நீவி விடும். உட்புற எல்லை நெரித்துவிடும். 1990இல் புவாசோனும் இஸ்ரேலும் அங்கே திணிவு கட்டுக்கடங்காமல் பெருகும் என்று கணித்தார்கள். காகிதத்தில் அந்த எல்லைக்கு அப்பால் ஒரு பகுதி உண்டு. அங்கே என்ன நடக்கும் என்பதை முன்னைய நிலையிலிருந்து தீர்மானிக்க முடியாது. அந்த இடத்துக்குப் போகும் வாசல் உறுதியில்லாதது என்பது நமக்கு நல்லது. அது எவ்வளவு கொடூரமாக உடைகிறது என்பது நுட்பமான விஷயம்: 2017இல் டஃபெர்மோஸும் லக்கும் காட்டியபடி, வெளிநேரம் அங்கே கிழிந்துவிடுவதில்லை, கரடுமுரடாகிவிடுகிறது. வாசல் பூரணமாக மூடியது என்று இன்னும் சொல்ல முடியாது.

இனி உன் இரண்டாவது கேள்வி. உள்ளே பொய்க்கும் கொள்கையை வெளியே நம்பலாமா? நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. எல்லைக்குள் நடக்கும் எதுவும் மேலே நீந்தி வராது. வெளியே நாளை என்ன நடக்கும் என்பதற்கு வெளியே இன்று இருப்பதே போதும். எல்லை இருக்கும் வரை, கொள்கையின் அறியாமை அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. எல்லை குலைந்து உள்ளிருப்பது வெளியே தெரிந்தால், கணிக்கும் உரிமை நம் கையை விட்டுப் போய்விடும். 1969இல் பென்ரோஸ் முன்வைத்த ஊகம் இதுதான்: இயற்கை அந்த அறுந்த முனைகளை எப்போதும் ஓர் எல்லையால் மூடி வைக்கும். இன்றுவரை இது நிறுவப்படவில்லை. 1993இல் ஷொப்டூயிக் கணினியில் காட்டினார்: மிக நுணுக்கமாக அளந்து வைத்த ஆரம்ப நிலையில் அம்மணமான முனை உருவாகலாம். மயிரிழை பிசகினாலும் உருவாகாது. எனவே ஊகத்தில் "பொதுவாக" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டி வந்தது.

நான்கு பரிமாணத்தில் (வெளிக்கு மூன்று, காலத்துக்கு ஒன்று) நாம் பிறந்தது அதிர்ஷ்டம் என்று நான் நினைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பார், தடித்து விழும் தண்ணீர்க் கம்பி கீழே வர வர மெலிந்து துளித்துளியாக உடைகிறது. வெளிக்கு இன்னும் ஒரு பரிமாணம் இருந்தால், கருந்துளை உருண்டையாக இல்லாமல் நீண்ட கம்பியாகவும் இருக்க முடியும். கிரெகரியும் லஃப்ளாமும் 1993இல் அந்தக் கம்பி உறுதியற்றது என்று கண்டார்கள். 2010இல் லேனரும் பிரிட்டோரியஸும் கணினியில் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தபோது, அது பீலித் தண்ணீர் மாதிரியே மணிமணியாகத் திரண்டு, இடையில் உள்ள இழைகள் மெலிந்துகொண்டே போயின. முடிவுள்ள நேரத்தில் அறும் போக்கு அது. அறும் இடத்தில் மூடி இல்லை. எல்லை உடையாது என்பது எல்லா உலகத்துக்கும் பொதுவான விதி இல்லை, நம்முடைய பரிமாண எண்ணிக்கையோடு வரும் கொடை.

குவாண்டம் கொள்கை இதில் நுழைந்தால், பரப்பளவு குறையாது என்று நிறுவிய ஹோக்கிங்கே 1974இல் அது மெல்லக் குறையும் என்று காட்டினார். கருந்துளை கதிர்வீசும். சூரியத் திணிவுள்ளதின் வெப்பநிலை ஒரு கெல்வினின் ஒரு கோடியில் ஒரு பங்கை விடக் குறைவு. சுற்றியுள்ள அண்டப் பின்னணிக் கதிர்வீச்சே 2.7 கெல்வின் என்பதால் இப்போதைக்கு அது வாங்குவதே அதிகம். முற்றாக ஆவியாக எடுக்கும் காலம், 1க்குப் பின் 67 பூச்சியங்கள் போட்ட அளவு வருடங்கள். அவசரம் இல்லை. ஆனால் உள்ளே போன தகவல் என்னவாகிறது என்ற கேள்வி வாய்பிளந்து நிற்கிறது. 2012இல் அல்மேரி, மரோல்ஃப், பொல்சின்ஸ்கி, சல்லி என்ற நால்வர், அந்தத் தகவல் அழியாமல் இருக்க வேண்டுமானால் எல்லையைத் தாண்டும் மீனுக்கு எதுவும் தெரியாது என்பதையே கைவிட வேண்டி வரலாம், அங்கே ஒரு தீச்சுவர் இருக்கலாம் என்று வாதிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவ்வளவு பெரிய, அவ்வளவு சாதுவான ஒரு இடத்தில் ஈர்ப்புக் கொள்கை பொய்க்க வேண்டிய காரணம் இன்னும் வலுவாக வரவில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த வாதத்தை ஒரே அடியில் வீழ்த்தும் பதிலும் யாரிடமும் இல்லை.

இதைக் கருவியால் பார்க்க வழி உண்டா என்று அடுத்த வாரம் நீ கேட்பாய், அதனால் இப்போதே சொல்கிறேன். அந்த "டொக்" சத்தத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் இல்லை, மேலும் சில சுரங்கள் மெல்லியதாகக் கலந்திருக்கும். கெர் கண்ட தீர்வு சரியானால், எல்லாச் சுரங்களின் மீடிறனையும் தணிவையும் இரண்டே எண்கள் தீர்மானிக்க வேண்டும்: திணிவும் சுழற்சியும். ஒரு சுரத்தை அளந்து அந்த இரண்டையும் பெறலாம். இரண்டாவது சுரத்தை அளந்தால் அதே எண்கள் வர வேண்டும், வராவிட்டால் எல்லையிலோ கொள்கையிலோ கோளாறு. 2025 ஜனவரிப் பதிவில் இரண்டு சுரங்களைப் பிரித்துக் கேட்க முடிந்தது. எண்கள் ஒத்துவந்தன.